மழையின்மேல் பழி போடலாகாது

அபிராமபுரத்திலிருந்து அடையாறு, திருவான்மியூர் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே சென்றால் பனையூரை அடையலாம். அங்கே திறந்த வெளியில் 2023-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 12-ந் தேதி ஜனாப் ஏ. ஆர். ரஹ்மானின் “மறக்குமா நெஞ்சம்” ஸங்கீதக் கச்சேரி நடப்பதாக இருந்தது. அன்று மழை விடவில்லை. ரசிகர்களின் க்ஷேமத்தை முன்னிட்டுக் கச்சேரியை ஒத்திவைப்பதாக அவர் அன்றைய தினமே அறிவித்தார். பலருக்கு அது ஏமாற்றந்தான். ஆயினும் அம்முடிவு உசிதமானதே என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. உயிரைவிடக் கச்சேரி பெரிதன்று.

கச்சேரி செப்டம்பர் 10-ந் தேதி நடைபெற்றது. அன்று நேர்ந்தது என்ன? பணம் கொடுத்து டிக்கட் வாங்கியவர்களில் எத்தனையோ பேர் உள்ளே நுழைய முடியாமல் திரும்பினார்கள். குழந்தைகளுடன் வந்தவர்கள் நெரிசலில் சிக்கித் தத்தளித்தார்கள். தங்களிடம் சிலர் தகாத முறையில் நடந்ததாகப் பெண்கள் முறையிட்டார்கள். சாலையில் வண்டிகள் நகராமல் நின்றன. முதல் மந்திரியின் வாகனமும் அதற்குத் தப்பவில்லை. ஏற்பாடு செய்தவர்கள் பின்னர்ப் பகிரங்கமாக மன்னிப்புக் கோரினார்கள். போலீஸ் உயர் அதிகாரிகள் இருவர் மாற்றப்பட்டார்கள்.

இந்தக் கஷ்டங்களுக்கு மழை காரணமன்று. சொல்லப்போனால், மழை அவர்களுக்கு 29 நாள் அவகாசம் தந்தது. விற்ற டிக்கட்டுகளை எண்ணவும், வாசல்களை அதிகப்படுத்தவும், வண்டிகளுக்கு இடம் வகுக்கவும் அது போதாதா? கச்சேரியை ஒத்திவைப்பது நாளை மாற்றுமேயன்றி, ஜனத்திரளை ஒழுங்கு செய்துவிடாது.

அமெரிக்காவில் இண்டியானா ராஜ்யத்துப் பொருட்காட்சியில் 2011-ம் வருஷம் ஆகஸ்டு 13-ந் தேதி நடந்ததையும் நாம் கவனிக்க வேண்டும். புயற்காற்று வருகிறதென்று வானிலை இலாகா முன்னரே எச்சரித்திருந்தது. ஜனங்களோ கச்சேரியை எதிர்பார்த்து மேடைக்கு எதிரிலேயே காத்திருந்தார்கள். காற்று வீசியது, மேடையின் மேற்கட்டு சரிந்தது, 7 பேர் மாண்டனர். நிகழ்ச்சியை நிறுத்தும் அதிகாரம் யாருடையது என்பதே தெளிவாக இருக்கவில்லை என்று பிறகு விசாரித்தவர்கள் கண்டார்கள். பலருக்கு அதிகாரம் இருந்தால் பொறுப்பு ஒருவருக்கும் இல்லாமற் போகும் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டுமா?

வெயிலும் லேசானதன்று. 2024-ம் வருஷம் அக்டோபர் 6-ந் தேதி விமானப்படையின் சாகசங்களைப் பார்க்க மெரினாவில் லக்ஷக்கணக்கானவர்கள் கூடினார்கள். அன்று 5 பேர் உயிரிழந்தனர். அபிராமபுரத்துக்கு மிக அருகில் நடந்த சம்பவம் அது.

ஆகவே திறந்த வெளியில் கூட்டம் கூட்ட அனுமதி கேட்போரிடம் சர்க்கார் சில நிபந்தனைகளைக் கண்டிப்பாக விதிக்க வேண்டும். நிகழ்ச்சியை நிறுத்தும் அதிகாரம் உடையவர் இன்னார் என்று அனுமதிப் பத்திரத்திலேயே குறிப்பிட வேண்டும். மைதானம் கொள்ளும் தொகைக்கு மேல் ஒரு டிக்கட்டும் விற்கலாகாது. மின்னல் கண்டு 30 விநாடிக்குள் இடி கேட்டால் ஜனங்களை உடனே பத்திரமான இடத்துக்கு அனுப்ப வேண்டும். கடைசி இடி ஓய்ந்து 30 நிமிஷமான பிறகே மீண்டும் ஆரம்பிக்கலாம். தாமதத்தின் காரணத்தை ஒலிபெருக்கியில் அடிக்கடி தெரிவிக்க வேண்டும். விஷயம் தெரியாத கூட்டமே கலவரப்படும். குடிதண்ணீரும் வைத்தியரும் வெளியேறும் வழிகளும் தயாராக இருத்தல் அவசியம்.

இவை ஸங்கீதக் கச்சேரிக்கு மட்டும் உரியவை அல்ல. அரசியல் பொதுக்கூட்டம் நடத்தும் நண்பர்களுக்கும் இதே கடமை உண்டு. எத்தனை ஆயிரம் பேர் வந்தார்கள் என்று பெருமை பேசுவது நம்மவர் வழக்கம். வந்தவர் அனைவரும் சுகமாக வீடு திரும்பினார்கள் என்று சொல்லிக்கொள்வதே மெய்யான பெருமையாகும்.