குறி பழக எந்தத் துப்பாக்கி?

மெரினா கடற்கரையில் பலூன் சுட்டவர்கள் எல்லோருமே ஏர் ரைஃபிளைக் கையில் எடுத்தவர்கள்தான். குழலை மடக்கி, ஒரு ரவை வைத்து, நிமிர்த்திச் சுடும் அந்தத் துப்பாக்கியில் வெடிமருந்து கிடையாது. ரவையைத் தள்ளுவது காற்று. இடுக்கியில் ஏலத்தோட்டங்கள் சூழ்ந்த ஒரு மலையூரில், வீட்டுக்குப் பின்னால் காகிதக் குறி மாட்டிப் பழக ஒருவர் ஆசைப்பட்டால் அவருக்கு ஏற்றதும் இதுவே.

சிறு துளைத் துப்பாக்கிகளில் பெயர் பெற்றவை இரண்டு. ஒன்று .177 என்கிற 4.5 மில்லிமீட்டர் ஏர் ரைஃபிள். மற்றொன்று வெடிமருந்தில் இயங்கும் .22 ரைஃபிள். துளையின் அளவில் ஒரு மில்லிமீட்டர் சொச்சம்தான் வித்தியாசம். ஆற்றலிலோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். போட்டி ஏர் ரைஃபிளின் அரை கிராம் ரவை விநாடிக்கு 170 மீட்டர் வேகத்தில் பாயும். ஆற்றல் 8 ஜூலுக்குள். .22 குண்டின் எடை சுமார் 2.6 கிராம், வேகம் விநாடிக்கு 330 மீட்டர். ஆற்றல் 140 ஜூல். குறி தப்பினால் அது ஒரு கிலோமீட்டரையும் தாண்டிப் போகும். சரிவுக்குக் கீழே வீடுகளும், தோட்டத்துக்குள் ஆட்களும் இருக்கும் மலையூரில் அதற்கு இடமில்லை.

சட்டமும் இதே கோட்டைத்தான் போடுகிறது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி .22 ரைஃபிளுக்கு உரிமம் கட்டாயம். 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி, துளை 4.5 மில்லிமீட்டரையோ ஆற்றல் 20 ஜூலையோ தாண்டும் ஏர் ரைஃபிளுக்கும் உரிமம் வேண்டும்.

ஏர் ரைஃபிளிலும் இரண்டு வகை உண்டு. ஸ்பிரிங் வகையில் குழலை மடக்கும்போது பிஸ்டன் பின்னுக்குப் போய் ஸ்பிரிங் இறுகும். விசையைத் தொட்டதும் பிஸ்டன் முன்னே பாய்ந்து காற்றை அழுத்த, ரவை கிளம்பும். அதனால் துப்பாக்கி ஒரே நொடிக்குள் பின்னும் முன்னும் உதறும். முன்னால் தாங்கும் கையால் இறுக்கிப் பிடித்தால் குறி சிதறும். உள்ளங்கையில் சும்மா கிடத்தினால் ரவைகள் ஒன்றுகூடி விழும். ரவை இல்லாமல் சுடவே கூடாது. தடுக்கும் காற்று மெத்தை இல்லாமல் பிஸ்டன் நேரே போய் மோதி, உள்ளுறுப்புகள் பழுதாகும்.

மற்றது, உயர் அழுத்தக் காற்றை உருளையில் நிரப்பி வைக்கும் வகை. உதறல் அநேகமாக இல்லை. போட்டியாளர்கள் கையில் இருப்பது இதுதான். ஆனால் காற்று நிரப்பத் தனி பம்ப் வேண்டும், விலையும் அதிகம். பொழுதுபோக்காகத் தொடங்குகிறவருக்கு எடை குறைந்த ஸ்பிரிங் ரைஃபிள் போதும்.

கடையில் வேகக் கணக்கைப் பார்த்து மயங்க வேண்டாம். கட்டையைத் தோளில் ஊன்றியதும் கன்னம் இயல்பாகப் படிந்து, கண் நேராகக் குறிமுள்ளுக்கு வருகிறதா? விசை இழுக்காமல் சீராக விடுகிறதா? குழலை மடக்க உங்களுக்குத் தெம்பு போதுமா? இவைதான் பார்க்க வேண்டியவை. ரவையில் தட்டைத் தலை உள்ளதை வாங்குங்கள். காகிதத்தில் வட்டமாக, சுத்தமாகத் துளை விழும். ஒரே துப்பாக்கிக்கு ஒரு பிராண்ட் பொருந்தும், இன்னொன்று பொருந்தாது. இரண்டு மூன்றை வாங்கி, பத்து மீட்டரில் ஐந்தைந்தாகச் சுட்டுப் பாருங்கள்.

பத்து மீட்டரை எளிதாக எண்ண வேண்டாம். ஒலிம்பிக் ஏர் ரைஃபிள் குறியின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர்தான். 2008-ல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றது இந்தக் குறியில்தான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019-ல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் எடுத்ததும் இதே .177-ல்தான்.

குறிக்குப் பின்னால் பழைய செய்தித்தாளை இறுக்கி அடைத்த பெட்டியும், அதற்கும் பின்னால் மண்மேடும் இருக்கட்டும். கல்லில் பட்டால் ரவை திரும்பி வரும். கண்ணாடி அணியாமல் சுடாதீர்கள். ரவை ஈயம் என்பதால் சுட்டு முடித்ததும் கை கழுவுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும்: பறவைகள் மீது இதை நீட்டாதீர்கள். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். ஏர்கன்னால் காடுகள் பறவையற்றுப் போவதைக் கண்டு, அருணாசலப் பிரதேசத்தில் 2021-ல் ஏர்கன் ஒப்படைப்பு இயக்கமே தொடங்கினார்கள். பயிரைத் தின்னும் காட்டுப்பன்றிக்கும் இது தீர்வல்ல. ரவை அதைக் கொல்லாது, காயப்படுத்தி வெறியேற்றும். காகிதத்தில் அரை மில்லிமீட்டரைத் தேடுவதிலேயே ஒரு ஆயுள் பழகும் அளவுக்கு வித்தை இருக்கிறது. அதற்கு மேல் ஆசை வந்தால், மாவட்ட ரைஃபிள் சங்கத்தில் பயிற்சியாளர் மேற்பார்வையில் சேருவதே சரியான வழி.