செத்து விழுந்த குட்டியை வெறுங்கையால் தொடாதீர்கள்!

நாள் கிட்டிய சினை ஆடு குட்டியை வீசிவிட்டால் கண்ணூறு என்போம், நாய் கலைத்திருக்கும் என்போம், கிடாய் இடித்திருக்கும் என்போம். ஓர் ஆடு என்றால் அப்படியும் இருக்கலாம். அதே பட்டியில் அடுத்த கிழமை இன்னொன்றும் வீசினால் தொற்று என்றே எடுத்துக்கொண்டு உடனே மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கள். புருசெல்லா, கிளமிடியா, கம்பைலோபக்டர், கொக்சியெல்லா என்று செம்மறியின் கருவைக் கலைக்கும் பக்டீரியாக்கள் பல. எது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஆனால் விழுந்த குட்டியிலும் இளங்கொடியிலும் வடியும் நீரிலும்தான் கிருமி கோடிக்கணக்கில் கிடக்கிறது.

அதைத்தான் நாங்கள் பற்றைக்குள் எறிகிறோம்! நாய் இழுக்கிறது, காகம் கொத்துகிறது, மற்றச் சினை ஆடுகள் போய் மணந்து நக்குகின்றன. பிறகு எல்லாம் ஒரே தரவையில் மேய்ந்து ஒரே தொட்டியில் வாய் வைக்கின்றன. பசுவின் இளங்கொடியைச் சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடுவது எங்கள் வழக்கம். கன்று வீசிய மாட்டின் கொடியையாவது தயவுசெய்து அப்படிக் கட்டாதீர்கள். அந்த நிழலில்தான் ஆடுகள் படுக்கின்றன.

கிளமிடியா மிகப் பொல்லாதது. இந்த முறை தொற்றிய மறி ஆடு ஒரு குறையும் காட்டாமல் நின்று, அடுத்த சினையில் ஈன இரண்டு மூன்று கிழமை இருக்கும்போது வீசும். மலிவாகக் கிடைத்தது என்று அதை வாங்கி வந்தவருக்கு மாதக்கணக்காக ஒன்றும் தெரியாது. எங்கள் அனலைதீவைச் சுற்றிக் கடல். வெளி ஆடு படகில்தான் வரவேண்டும். ஆகவே இறங்குதுறையிலேயே எங்களால் தடுக்க முடியும். புதிதாக வந்த சினை ஆட்டை ஈனும் வரை புறம்பாகக் கட்டுங்கள். இரவல் கிடாயும் வேண்டாம், புருசெல்லா விந்திலும் போகும்.

மனிதரையும் இந்தத் தொற்று விடாது. மால்டாத் தீவில் பிரித்தானியப் படையினர் விட்டுவிட்டு வரும் காய்ச்சலில் கிழமைக்கணக்காகக் கிடந்தார்கள். டேவிட் புரூஸ் 1887இல் அதன் கிருமியான புருசெல்லாவைக் கண்டார். அது ஆட்டுப்பாலில் வருகிறது என்பது 1905இல் தெமிஸ்டோக்கிளிஸ் சம்மிட் கண்டுபிடிக்கும் வரை யாருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் அந்த ஆடுகள் பார்வைக்கு நல்ல சுகத்தோடு நின்றன. நெதர்லாந்தில் 2007 முதல் 2010 வரை 4,000 பேருக்கு மேல் கியூ காய்ச்சல் வந்தது. குட்டி வீசிய ஆட்டுப் பண்ணைகளிலிருந்து கொக்சியெல்லா காற்றோடு பரவியதே காரணம். சோழகம் அடிக்கும் மாதங்களில் எங்கள் பட்டிப் புழுதி எந்த வீட்டுக்குள் போகிறது என்று யோசியுங்கள்.

வீசிய ஆட்டை உடனே பிரித்துக் கட்டுங்கள். கர்ப்பிணிகள் ஈனும் ஆட்டின் பக்கமே போகக்கூடாது. கையுறை இல்லாவிட்டால் தடித்த பொலித்தீன் பையைக் கையில் சுற்றிக்கொண்டு எடுங்கள். மிருக வைத்தியர் பரிசோதனைக்குக் கேட்டால் குட்டியையும் கொடியையும் இரட்டைப் பையில் கட்டி, ஐஸ் போட்ட றெஜிபோம் பெட்டியில் அனுப்பலாம்; அந்தப் பெட்டியில் பிறகு மீன் வைக்கக்கூடாது. மிச்சத்தைச் சுண்ணாம்பு தூவி ஆழமாகப் புதையுங்கள், கல் தட்டினால் எரியுங்கள். எங்கள் நிலம் சுண்ணக்கல், கசிவது கிணற்றுக்குத்தான் போகும். குழி நல்ல தண்ணீர்க் கிணற்றுக்கு எட்டத்தில் இருக்கவேண்டும். பாலைப் பொங்கக் காய்ச்சாமல் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள்.

பிறகு காய்ச்சலும் மூட்டு நோவும் வந்தால், ஆடு குட்டி வீசியதையும் அதைத் தொட்டதையும் டொக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.