பட்டு மூட்டை சுமந்த மாருதி பந்தயப் பாதைக்குப் போகலாமா? "ஓடுறது பெருசு இல்ல தம்பி, நிக்கணும்!"

அப்பா காலத்து மாருதி 800 கார். வயது இருபதைத் தாண்டிவிட்டது. போளூருக்கும் ஆரணிக்கும் பட்டு நூலும் புடவை மூட்டையும் சுமந்து சுமந்து பின்பக்கம் தொய்ந்து கிடக்கிறது. விற்றால் பழைய இரும்பு விலைக்குத்தான் கேட்பார்கள்!

அந்த வீட்டு வாலிபருக்கு அதை விற்க மனசு இல்லை. "இதையே ரேஸ் வண்டியா பண்ணிட்டா இன்னா?" என்கிறார்.

இப்படி ஒரு வாலிபர் போளூரில் மட்டும் அல்ல, எந்த ஊரிலும் இருப்பார். பெரியவர்கள் "பைத்தியக்காரத்தனம்" என்பார்கள். ஆனால் அவர் கேட்பதில் தப்பே இல்லை. வீட்டு காரைப் பந்தய காராக மாற்றுவது தமிழ்நாட்டுக்குப் புதிது அல்ல.

சோழவரத்தில் பறந்த பியட்

சென்னைக்கு வடக்கே கல்கத்தா நெடுஞ்சாலையில் சோழவரம் இருக்கிறது. 2-வது உலகப்போர் காலத்து விமான தளம் அங்கே உண்டு. 1953-ம் ஆண்டு தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அந்த ஓடுபாதையில் கார், மோட்டார் சைக்கிள் பந்தயங்களை நடத்தியது. வேடிக்கை பார்க்க ஜனங்கள் ஆயிரக்கணக்கில் திரண்டார்கள்.

என்னென்ன கார்கள் ஓடின தெரியுமா? பியட், அம்பாசிடர், ஹெரால்டு! தெருவில் டாக்டரும் வக்கீலும் ஓட்டிய அதே கார்கள்தான்.

வெளிநாட்டு உதிரி பாகம் லேசில் கிடைக்காத காலம் அது. மெக்கானிக்குகள் சிலிண்டர் ஹெட்டை இழைத்து கம்ப்ரஷனைக் கூட்டினார்கள். கார்பரேட்டரை மாற்றினார்கள். பம்பரையும் பின்சீட்டையும் கழற்றிப் போட்டு எடையைக் குறைத்தார்கள். 1,089 சி.சி. பியட் கார் சீறிப் பாய்ந்தது. பணக்காரர்கள் வெளிநாட்டு பந்தய கார்களையும் கொண்டுவந்தார்கள். ஆனாலும் பியட்டுக்கு விழுந்த கைத்தட்டல் தனி.

1990-ம் ஆண்டு ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தர பந்தயப் பாதை திறக்கப்பட்டது. நீளம் 3.7 கிலோமீட்டர். போளூர்க்காரர்கள் ஆரணி, ஆற்காடு வழியாக பெங்களூர் நெடுஞ்சாலையைப் பிடித்தால் போய்விடலாம். கோவை பக்கம் செட்டிபாளையத்திலும் 2003 முதல் ஒரு பாதை இருக்கிறது. அதன் பெயர் கரி மோட்டார் ஸ்பீட்வே.

அதே என்ஜின்!

யார் அந்த கரி? கோவையைச் சேர்ந்த எஸ்.கரிவரதன். மில் குடும்பத்தில் பிறந்தவர். மாருதி 800 காரின் 796 சி.சி. என்ஜினை எடுத்து, ஒற்றை ஆள் உட்காரும் பந்தய காரை உள்ளூரிலேயே செய்து காட்டினார். "பார்முலா மாருதி" என்று அதற்குப் பெயர். 1995-ம் ஆண்டு சிறிய விமான விபத்தில் அவர் இறந்துபோனார்.

பார்முலா-1 பந்தயத்தில் 2005-ம் ஆண்டு கலந்துகொண்டு, "முதல் இந்தியர்" என்று பெயர் வாங்கிய கோவை நாராயண் கார்த்திகேயன் முதன்முதலில் பந்தயம் ஓட்டியது அந்த பார்முலா மாருதி வகையில்தான்.

ஆக, பட்டு மூட்டை சுமந்த மாருதியின் என்ஜின் ஒன்றும் சாமானியம் இல்லை!

மெக்கானிக் கேட்கும் கேள்வி

நம் வாலிபர் காரை ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். விவரம் தெரிந்த மெக்கானிக்காக இருந்தால் பேச்சு இப்படித்தான் போகும்.

"அண்ணே, இதுல 1300 என்ஜின் தூக்கிப் போட்டா பறக்கும் இல்லண்ணே?"

"பறக்கும் தம்பி. ஆனா எங்க போய் எறங்கும்?"

விஷயம் அதில்தான் இருக்கிறது. 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் காரை நிறுத்த பிரேக் எவ்வளவு வேலை செய்கிறதோ, 120 கிலோமீட்டரில் அதைப்போல் 4 மடங்கு வேலை செய்ய வேண்டும். அத்தனையும் சூடாக மாறும். ரோட்டில் எப்போதாவது ஒருதரம் அழுத்தி மிதிக்கிறோம். பந்தயப் பாதையில் வளைவுக்கு வளைவு மிதிக்க வேண்டும்.

அப்போது பிரேக் ஆயில் கொதிக்கும்! உள்ளே ஆவிக்குமிழி கிளம்பும். பெடலை மிதித்தால் பஞ்சு போல அடி வரை இறங்கும். வண்டி நிற்காது.

பிரேக் ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும் குணம் உள்ளது. "டாட் 4" வகை ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரை தாங்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிவிட்டால் 155 டிகிரி தாங்கினாலே போதும் என்று விதியே இறங்கிவிடுகிறது. வருஷக்கணக்கில் மாற்றாத ஆயிலோடு பந்தயப் பாதையில் இறங்கினால் என்ன ஆகும்? சொல்லவே வேண்டாம்.

ஆகவே முதல் செலவு பிரேக்குக்கு. ஆயிலை மாற்றி காற்று எடுக்க வேண்டும். புது பேடு, பின்சக்கரத்துக்கு புது லைனிங், வெடிக்காத ஹோஸ். என்ஜினை மாற்றும் செலவோடு பார்த்தால் இது கால் தூசு!

டயரில் 4 எண்

அடுத்தது டயர். டயரின் பக்கவாட்டில் 4 எண்கள் இருக்கும். "2319" என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. பட்டன் தேயாமல் பளபளவென்று இருந்தாலும், பழைய டயர் ரப்பர் இறுகிவிடும். வளைவில் பிடிக்காது.

காரின் எடையே சுமார் 650 கிலோதான். லேசான வண்டி என்பதால் சின்ன என்ஜினே போதும். எடையைக் குறைக்கக் காசும் வேண்டாம். ஸ்டெப்னி, ஜாக்கி, சாமி பொம்மை, தண்ணி பாட்டில் எல்லாவற்றையும் இறக்கி வைத்தால் போதும். உருண்டு வந்து பிரேக் பெடலுக்கு அடியில் மாட்டும் ஒரு பாட்டில் எமனாக முடியும்!

பேட்டரி ஆடக்கூடாது. டைமிங் பெல்ட்டும் ரேடியேட்டர் ஹோசும் பழசாக இருந்தால் மாற்ற வேண்டும். நல்ல சீட் பெல்ட், ஹெல்மெட், தீயணைப்பான், பருத்தித் துணி. இவ்வளவும் முடிந்து கையில் காசு மிஞ்சினால் என்ஜினைப் பற்றி யோசிக்கலாம். போட்டிப் பந்தயத்துக்கே போவதென்றால் காருக்குள் இரும்புக் குழாய் கூண்டும், ஓட்டுகிறவருக்கு லைசென்சும் வேண்டும். "டிராக் டே" என்பது போட்டி அல்ல. கட்டணம் கட்டி, சொந்த காரை பந்தயப் பாதையில் ஓட்டிப் பார்க்கும் நாள்.

ரோட்டில் ஓட்டினால் ஜெயில்

இனி சட்டம். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்று 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு சொல்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. அனுமதி இல்லாமல் மாற்றினால், 2019-ல் திருத்திய சட்டப்படி 6 மாதம் வரை ஜெயில், அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5 ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

பொது ரோட்டில் ரேஸ் விட்டால்? முதல் தடவைக்கு 3 மாதம் வரை ஜெயில் அல்லது 5 ஆயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் கிடைக்கும். மறுபடி பிடிபட்டால் ஒரு வருஷம் வரை போகலாம்.

வேலூர்–திருவண்ணாமலை ரோட்டில் பஸ் வரும், கரும்பு லாரி வரும், பள்ளிக்கூடம் விட்டு சைக்கிளில் பிள்ளைகள் வருவார்கள். அவர்கள் யாரும் ரேசுக்குப் பெயர் கொடுத்தவர்கள் அல்ல.

பந்தயப் பாதையில் எதிரே வண்டி வராது. ஆம்புலன்ஸ் தயாராக நிற்கும். அதற்காக ஆபத்தே இல்லை என்று நினைக்கக்கூடாது. 2023 ஜனவரி 8-ந்தேதி இருங்காட்டுக்கோட்டையில் நடந்த தேசிய கார் பந்தயத்தில் அனுபவம் மிக்க வீரர் கே.இ.குமார் (வயது 59) ஓட்டிய கார் இன்னொரு காருடன் மோதிக் கவிழ்ந்தது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். உயிரைக் காப்பாற்ற முடியவில்லை. அத்தனை ஏற்பாடு உள்ள இடத்திலேயே இப்படி என்றால், ஏற்பாடே இல்லாத ரோட்டில்?

இன்னொன்று. சாதாரண கார் இன்சூரன்சில் பந்தயம், வேக சோதனை இரண்டும் சேராது. பந்தயப் பாதையில் கார் நொறுங்கினால் ஒரு பைசா தேறாது. குடும்பத்துக்கு இருப்பது அந்த ஒரே கார்தான் என்றால், அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போவதுதான் முறை.

கடைசியாக...

நம் வாலிபர் பிரேக்கை மாற்றிவிட்டார். டயரை மாற்றிவிட்டார். என்ஜின் அதே 796 சி.சி.தான். நேர் பாதையில் பெரிய கார்கள் அவரைத் தாண்டிப் போகும். போகட்டும்! வளைவுக்கு முன்னால் எங்கே மிதிப்பது, எங்கே திருப்புவது, எங்கே விடுவது என்று அவர் கற்றுக்கொள்வார். அந்த வித்தை எந்தக் கடையிலும் விலைக்குக் கிடைக்காது.

சாயங்காலம் அதே காரில் ஆரணி வழியாக வீடு திரும்பலாம். மறுநாள் மூட்டையும் ஏற்றலாம்.

தறியில் இழை அறுந்தால் பிணைத்துக்கொள்ளலாம். உயிர் அறுந்தால் பிணைக்க ஆள் இல்லை. முதலில் பிரேக்கைப் பாருங்கள், தம்பிகளே!