தில்லை மரத்தை அளக்கும் ரேடார்

மாண்ட்ரியாலில் ஜனவரிப் பனி கொட்டும்போது எதிர்வீடுகூடக் கண்ணுக்குத் தெரியாது. அப்போதும் செயிண்ட் லாரன்ஸ் ஆற்றில் பனிக்கட்டி எங்கே அடைத்திருக்கிறது என்பதை ராடார்சாட் துணைக்கோள்கள் காட்டிவிடுகின்றன. கனடிய விண்வெளி நிறுவனத்தின் தலைமையகம் ஆற்றுக்கு அக்கரையில், செயிண்ட் ஹூபெரில்தான் இருக்கிறது. 2019 ஜூனில் ஏவப்பட்ட மூன்று ராடார்சாட்களும் இத்தீவின் மேற்குக் கோடியில், செயிண்ட் ஆன் த பெல்வூவில் பூட்டப்பட்டவை. ரேடார் தானே அலையை அனுப்பி எதிரொலியை வாங்குவதால் மேகமும் இருட்டும் அதற்கு ஒரு பொருட்டல்ல.

நான் சிதம்பரத்துக்காரன். பனியை அளக்கும் இந்தக் கண் எங்கள் பிச்சாவரத்தை எப்படிப் பார்க்கும் என்ற ஆவலில் படிக்கத் தொடங்கினேன். ஊருக்கே பெயர் கொடுத்த தில்லை மரத்தைக் காடாகக் காண வேண்டுமானால் இன்று கோயிலை விட்டு அந்த உப்பங்கழிக்குத்தான் போக வேண்டும். (பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து.)

2000 பிப்ரவரியில் என்டெவர் விண்ணோடம் 11 நாள் பறந்து, உலக நிலப்பரப்பின் பெரும்பகுதியை ரேடாரால் அளந்தது. ஓர் ஆண்டெனா ஓடத்திலும் மற்றொன்று 60 மீட்டர் நீளக் கம்பத்தின் நுனியிலும் இருந்தன. ஒரே எதிரொலி இரண்டையும் சிறிது வேறுபாட்டுடன் அடையும். நம் இரு கண்கள் தொலைவை உணர்வதுபோல அதிலிருந்து உயரம் கிடைக்கும். மலைக்காட்டில் இந்த உயரத்தில் தரை எவ்வளவு, மரம் எவ்வளவு என்று பிரிப்பது பெரும்பாடு. அலையாத்தி மரமோ கடல்மட்டத்திலேயே கால் ஊன்றி நிற்கிறது. தரை ஏறக்குறைய சுழி என்பதால் அளந்ததெல்லாம் மரம்தான்! 5.6 செ.மீ. அலை இலைகளுக்குள் சற்றுப் புகுந்துவிடுவதால் உயரம் குறைவாகத் தெரியும்; லேசர் அளவுகளாலும் நேரில் அளந்தவற்றாலும் அதைத் திருத்துகிறார்கள். நாசாவின் மார்க் சிமார்டும் குழுவினரும் இவ்வழியில் 2019-ல் உலக வரைபடம் வெளியிட்டார்கள். மிக உயர்ந்த அலையாத்திகள் ஆப்பிரிக்காவின் கபோனில், சுமார் 63 மீட்டர்.

பிச்சாவரத்தின் கதை வேறு. வெள்ளையர் காலம் முதல் பட்டை பட்டையாக மொட்டையடித்ததில் மண் காய்ந்து தாழ்ந்தது. ஏறிய நீர் வடியாமல் உப்பு மண்டிற்று. 1990-களில் சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, கன்று நட்டு அதை மீட்டன. ஆக, 2000-ஆம் ஆண்டின் அளவு அந்த இளங்கன்றுகளின் காலத்தது. 2004 சுனாமிக்கும் முந்தியது. 2010-ல் சென்ற ஜெர்மனியின் டான்டெம்-எக்ஸ் போன்ற பிந்தைய அளவுகளை அதனருகே வைத்தால் வளர்ச்சியும் அழிவும் தெரியவேண்டும். ஆனால் பிழை சில மீட்டர் வரை போகும். நெடுமரங்களுக்கு அது சிறிது. எங்கள் குட்டை வெண்கண்டலுக்குப் பெரிது. உலக வரைபடத்தை நம்பி ஊர்க்காட்டுக்குத் தீர்ப்பெழுதக் கூடாது என்பேன்.

2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏறிய நிசார் 12 நாளுக்கொருமுறை அதே பாதைக்குத் திரும்புகிறது. அதன் 24 செ.மீ. அலை இலையைக் கடந்து, அடிமரத்திலும் கீழே தேங்கிய நீரிலும் பட்டுத் திரும்பும். மரம் வெட்டப்பட்டால் அந்த ஒளிர்வு மங்கிவிடும். எப்படியும் நேரில் அளந்து ஒப்பிட ஆள் வேண்டும். அடுத்தமுறை ஊருக்குப் போகையில் ஓர் அளவுநாடாவோடு படகேறலாம் என்றிருக்கிறேன்.