முராத் அலி எங்கே போனான்?

நாவலைப் படித்தவர்கள் அதன் தொலைக்காட்சி வடிவத்தைப் பார்த்துவிட்டு அநேகமாகச் சொல்வது ஒன்றுதான்: "கதையைக் கெடுத்துப் போட்டாங்க." அம்பிட்டியவிலிருந்து உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்கிற எனக்கு இது பழகிப்போன பேச்சு. எது மாறியது, ஏன் மாறியது, அதனால் கிடைத்தது என்ன, போனது என்ன என்று கேட்பவர்கள்தான் குறைவு. அதைப் பாத்திரங்களை வைத்து விளங்கிக்கொள்ளலாம். எங்கட சமூகம் அவசியம் அறிய வேண்டிய உதாரணம் ஒன்றை எடுக்கிறேன்: பீஷ்ம சாஹ்னியின் 'தமஸ்'.

சாஹ்னி ராவல்பிண்டியில் பிறந்தவர். 1947இல் அந்தப் பகுதியில் நடந்த கலவரங்களே இந்த ஹிந்தி நாவலின் களம். 1975இல் இதற்குச் சாகித்திய அக்காதெமி விருது கிடைத்தது. கோவிந்த் நிஹலானி இதனை ஏறத்தாழ ஐந்து மணிநேரப் படமாக எடுத்தார். 1988 ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் தூர்தர்ஷன் அதை ஒளிபரப்பியது. நாவலாசிரியரே அதில் ஹர்னாம் சிங் என்ற முதிய சீக்கியராக நடித்தார். ஆகவே, "எழுத்தாளருக்குத் தெரியாமல் மாத்திட்டாங்க" என்று இங்கே சொல்ல முடியாது.

முதலில் நத்து. தோல் உரிக்கும் தொழிலாளி. மிருக வைத்தியருக்குத் தேவை என்று பொய் சொல்லி, ஐந்து ரூபாய் கொடுத்து, அவனைக் கொண்டு ஒரு பன்றியைக் கொல்ல வைக்கிறார்கள். மறுநாள் அது பள்ளிவாசல் படியில் கிடக்கிறது. ஊர் எரிகிறது. நாவல் நத்துவோடு தொடங்கினாலும், இடைநடுவில் அவனை விட்டுவிட்டுப் பல மனிதர்கள் பின்னால் போய்விடுகிறது. கடைசியில் அவன் இறந்துவிட்ட செய்தி மட்டும் போகிற போக்கில் வருகிறது. கலவரத்தில் ஏழையின் சாவு அப்படித்தான், கணக்கில் வராதது.

தொலைக்காட்சியில் அப்படி விட முடியாது. ஓம் புரியின் முகத்தை முதல் நாள் பார்த்தவர்கள் அடுத்த கிழமையும் அவனைத் தேடுவார்கள். அதனால் நத்துவும் கர்ப்பிணி மனைவி கர்மோவும் படம் முழுக்க நடக்கிறார்கள். ஹர்னாம் சிங் தம்பதியையும் வழியில் சந்திக்கிறார்கள். அகதி முகாமில் கர்மோ கணவனின் மையித்தைக் காண்பதும், அவளுடைய குழந்தை பிறப்பதுமாகப் படம் முடிகிறது. மனசில் நிற்கும் ஒரு குடும்பத்தைப் படம் தந்தது. கணக்கில் வராமல் போகும் சாவை எடுத்துக்கொண்டது.

இனி முராத் அலி. பன்றியைக் கொல்லச் சொன்னவன் இவன்தான். பெயரைப் பார்த்தாலே எங்கட ஆள் என்று தெரியும். நாவலின் முடிவில் சமாதான பஸ்ஸில் முன்னால் இருந்து, ஒலிபெருக்கியில் ஒற்றுமைக் கோஷம் போடுகிறவனும் அவனே. நத்து உயிரோடு இருந்திருந்தால் உடனே அடையாளம் கண்டிருப்பான். படத்தில் இந்தப் பெயர் இல்லை. பங்கஜ் கபூர் நடித்த அந்த ஆள் வெறும் 'டேக்கேதார்', அதாவது கொந்தராத்துக்காரன். என்ன மதம் என்பதைப் படம் திட்டமாகச் சொல்வதில்லை.

இது எங்களுக்கு நல்லதா, கெட்டதா? சட்டென்று பதில் சொல்ல ஏலாது. பல இலட்சம் பேர் ஒரே நேரத்தில் பார்க்கும் திரையில் சூழ்ச்சிக்காரனுக்கு முஸ்லிம் பெயர் இருந்தால், பலருடைய மனசில் பெயர் மட்டுமே தங்கும். நாவல் வாசகன் நிறுத்தி யோசிப்பான், பின்னால் புரட்டிப் பார்ப்பான். அந்த அவகாசம் அன்றைய தொலைக்காட்சியில் இல்லை. அந்த வகையில் மாற்றம் நியாயமானது.

ஆனால் இழப்பும் உண்டு. பள்ளிவாசலைக் களங்கப்படுத்தச் சூழ்ச்சி செய்தவனுக்கே முஸ்லிம் பெயர் வைத்ததன் மூலம் சாஹ்னி ஒரு கசப்பான உண்மையைச் சொன்னார்: கலவரத்தை மூட்டுகிறவனுக்கு மார்க்கம் ஒரு பொருட்டே இல்லை. பெயரை எடுத்ததோடு அந்த உண்மையும் மங்கிவிட்டது.

பெயர் போன அதே படத்தில் ராஜோ இருக்கிறாள். கணவனும் மகனும் கலவரக் கூட்டத்தில் போயிருக்க, வீடு தேடி வந்த சீக்கியத் தம்பதிக்கு அடைக்கலம் கொடுக்கும் முஸ்லிம் பெண். சுரேகா சிக்ரிக்குச் சிறந்த துணை நடிகைக்கான தேசிய விருது இந்தப் படத்துக்குத்தான் கிடைத்தது. நாவலில் எண்ணற்ற முகங்களில் ஒருத்தியாக இருந்தவள், படம் பார்த்தவர்களுக்கு மறக்க முடியாதவளானாள். ஒரு முகத்தை மனசில் பதிப்பதில் திரைக்கு எழுத்தை விடப் பலம் அதிகம்.

இவ்வளவு கவனத்தோடு எடுத்தும், படத்தைத் தடுக்கக் கோரி வழக்குப் போட்டார்கள். பம்பாய் உயர் நீதிமன்ற நீதிபதிகள் படத்தைத் தாங்களே பார்த்து அனுமதித்தார்கள். உச்ச நீதிமன்றமும் 1988 பெப்ரவரியில் அதே முடிவைச் சொன்னது. எளிதில் பதறும் மனிதரை அளவுகோலாக வைத்து ஒரு படைப்பை நிறுக்கக் கூடாது என்பது அதன் சாரம்.

1915இல் கண்டியில் நடந்ததையும், 2018 மார்ச்சில் திகனவில் நடந்ததையும் அறிந்த நாங்கள் 'தமஸ்' கதையைத் தூரத்துக் கதையாகப் படிக்க ஏலாது. இந்தச் சம்பவங்களும் ஒருநாள் கதையாகும், திரைக்கும் வரும். அப்போது, "எங்கட ஆளைக் கெட்டவனாகக் காட்டிட்டாங்க" என்று கோபப்படுவதற்கு முன்னால் மூன்று கேள்விகளைக் கேட்கப் பிள்ளைகளைப் பழக்குகிறேன். மூலத்தில் இந்தப் பாத்திரம் என்ன வேலை செய்தது? திரையில் அந்த வேலையை இப்போது யார் செய்கிறார்? யாருமே செய்யவில்லை என்றால், எந்த உண்மை விடுபட்டது? இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேட, கடைசியில் நாவலைத் திறந்தே ஆக வேண்டும்.