ஐந்தே படங்களோடு மறைந்த லிங்கன் கம்பெனி

1915-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த 'தி பர்த் ஆஃப் எ நேஷன்' என்ற ஊமைப்படம் வசூலை அள்ளியது. ஆனால், கறுப்பின மக்களை அது கொடியவர்களாகக் காட்டியது. அதில் வந்த முக்கியமான கறுப்பினப் பாத்திரங்களில், முகத்தில் கரி பூசிய வெள்ளையர்களே நடித்தனர். பல நகரங்களில் எதிர்ப்பு கிளம்பியது.

இதற்குத் திரையிலேயே பதில் சொல்ல முடியுமா?

மறு ஆண்டே நோபல் ஜான்சன் என்ற கறுப்பின நடிகர், நண்பர்களுடன் சேர்ந்து லிங்கன் மோஷன் பிக்சர் கம்பெனியைத் தொடங்கினார். அவர்களின் முதல் படத்தின் நாயகன் படித்த பொறியியலாளர். நிறத்தைக் காரணம் காட்டி எண்ணெய் நிறுவனம் ஒன்று அவனுக்கு வேலை தர மறுக்கிறது. பின்னர் முதலாளியின் மகளை விபத்திலிருந்து காப்பாற்றி அந்த வேலையைப் பெறுகிறான். இறுதியில் தன் தந்தையின் நிலத்திலேயே எண்ணெய் வளத்தைக் கண்டுபிடிக்கிறான். கோமாளியாகவும் வேலைக்காரனாகவும் மட்டுமே திரையில் தங்களைப் பார்த்துப் பழகிய மக்களுக்கு இது புதிய அனுபவம்.

படம் எடுப்பது பாதி வேலைதான். அதைக் கொட்டகைக்குக் கொண்டு சேர்க்க வேண்டுமே! லிங்கன் படங்கள் பெரும்பாலும் கறுப்பின மக்களுக்கான கொட்டகைகளிலும், தேவாலயங்களிலும், பள்ளிகளிலுமே ஓடின. நோபலின் சகோதரர் ஜார்ஜ், ஒமாஹா நகரில் தபால் இலாகா ஊழியர். வேலை நேரம் போக, கடிதம் எழுதி எழுதியே ஊர் ஊராகப் படங்களுக்குக் காட்சி ஏற்பாடு செய்தார். வருமானம் மெதுவாகத்தான் வந்தது. அது வந்தால்தான் அடுத்த படம்.

நோபல் அதே சமயத்தில் யூனிவர்சல் நிறுவனத்தின் படங்களிலும் நடித்து வந்தார். லிங்கன் படங்கள் அந்த நிறுவனத்திற்குப் போட்டியாக அமைந்ததால் நெருக்குதல் வந்ததாகக் கூறப்படுகிறது. 1918-இல் அவர் லிங்கனை விட்டு விலகினார். அதே ஆண்டு பரவிய விஷக்காய்ச்சலால் பல ஊர்களில் கொட்டகைகள் மூடப்பட்டன. 1921-இல் வெளிவந்த 'பை ரைட் ஆஃப் பர்த்' ஐந்தாவது படம். அதுவே கடைசிப் படமும் ஆயிற்று. 1920-களின் தொடக்கத்திலேயே கம்பெனி மூடப்பட்டது.

தன் இனத்தைக் கண்ணியமாகக் காட்டப் புறப்பட்ட நோபல், 1933-இல் 'கிங் காங்' படத்தில் காட்டுவாசித் தலைவனாக நடித்தார் என்பது வேதனையான முரண்.

இன்று அந்தக் கடைசிப் படத்தின் சில நிமிடக் காட்சிகளே எஞ்சியுள்ளன. எனினும், கடிதங்களையும் விளம்பரங்களையும் பத்திரிகைத் துணுக்குகளையும் ஜார்ஜ் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். அவை இப்போது லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. படச்சுருள்கள் அழிந்த பிறகும் லிங்கன் கம்பெனியின் கதை நமக்குத் தெரிவதற்கு, அந்தத் தபால் ஊழியர் சேர்த்து வைத்த காகிதங்களே முக்கியக் காரணம்.