பெயரைச் சரியாகச் சொன்ன குரல்

பள்ளி விளையாட்டு விழாவில் ஒலிபெருக்கியில் உங்கள் பெயரைக் கூப்பிட்டால் எவ்வளவு மகிழ்ச்சி! அதையே தப்பும் தவறுமாகக் கூப்பிட்டால்? 'சப்'பென்று ஆகிவிடும், இல்லையா?

பெயர்களைச் சரியாகச் சொல்லியே புகழ்பெற்றவர் ஒருவர் இருந்தார். அவர் பாப் ஷெப்பர்ட். அமெரிக்காவின் நியூயார்க் நகரில், யாங்கி ஸ்டேடியம் என்ற பேஸ்பால் மைதானத்தில் 1951 முதல் 2007 வரை அறிவிப்பாளராக இருந்தார்.

அறிவிப்பாளர் வேறு, வர்ணனையாளர் வேறு. வானொலியிலும் தொலைக்காட்சியிலும் ஆட்டத்தை விவரிப்பவர் வர்ணனையாளர். அடுத்து ஆட வருபவர் யார், அவரது எண் என்ன என்று மைதானத்தில் கூடியிருப்பவர்களுக்குச் சொல்பவர் அறிவிப்பாளர்.

ஷெப்பர்டின் இன்னொரு வேலை என்ன தெரியுமா? மாணவர்களுக்குப் பேச்சுக்கலை கற்றுத்தரும் ஆசிரியர்! தெளிவாக, சுருக்கமாக, பிழையில்லாமல் சொல்ல வேண்டும். இதுதான் அவரது விதி. கத்த மாட்டார், வேடிக்கை பேச மாட்டார். வெளியூர் அணியில் புதுப் பெயர் இருந்தால், ஆட்டத்துக்கு முன்பே அந்த வீரரிடம் போய், எப்படி உச்சரிப்பது என்று கேட்டுக்கொள்வார்.

அவர் நிறுத்தி நிதானமாகப் பேசுவார். அதற்கும் காரணம் உண்டு. ஒலி ஒரு நொடியில் சுமார் 340 மீட்டர் தூரம்தான் செல்லும். பெரிய மைதானத்தில் பக்கத்து ஒலிபெருக்கியின் சத்தம் முதலில் கேட்கும். தூரத்து ஒலிபெருக்கியின் சத்தம் சற்றுப் பிந்தி வரும். வேகமாகப் பேசினால் இரண்டும் கலந்து ஒன்றுமே புரியாது.

ரெஜி ஜாக்சன் என்ற வீரர் அவரது குரலை 'கடவுளின் குரல்' என்று புகழ்ந்தார். டெரெக் ஜீட்டர் என்ற வீரரோ, அந்தக் குரலைப் பதிவு செய்து வைத்துக்கொண்டார். ஷெப்பர்ட் 2010இல் தமது 99ஆம் வயதில் காலமானார். ஆனாலும் 2014இல் ஜீட்டர் ஓய்வு பெறும் வரை, சொந்த மைதானத்தில் அவர் ஆட வரும்போதெல்லாம் ஷெப்பர்டின் குரலே ஒலித்தது!

நானும் ஆசிரியராக இருந்தவன்தான். ஒரு பரிசளிப்பு விழாவில் மாணவி ஒருத்தியின் பெயரைத் தவறாக வாசித்துவிட்டேன். தன்னைத்தான் கூப்பிடுகிறேனா என்று தெரியாமல் அவள் எழுந்திருக்கவே இல்லை. முன்னதாக அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று இன்றும் வருந்துகிறேன்.

உங்கள் வகுப்புக்குப் புதிதாக ஒருவர் வந்தால், பெயரை எப்படிச் சொல்வது என்று அவரிடமே கேளுங்கள். பிறகு கூப்பிட்டுப் பாருங்கள், முகம் மலரும்!